இரண்டு பங்கர்களுக்கு ஒரு கிணறு

பூசணிக்கொடியை வெட்டாமல் பங்கருக்குள் இறங்குவது எப்படி என்பதுதான் அன்று காலை பெரிய பிரச்சினையாக இருந்தது.

“ரெண்டு பிஞ்சு பிடிச்சிருக்கு. கத்தி வைச்சியளோ, கருகிப் போம்,” என்றாள் இரத்தினமலர். நாற்பத்தேழு வயது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மண்மேட்டின் முன்னால் வழி மறித்து நின்றாள்.

“மலரக்கா, நாங்கள் பூசணிக்காய் பிடுங்க வரேல்லை,” என்றான் யோகன். காணிக் கந்தோர் என்கிற நில அலுவலகத்தின் வாகனத்தை ஓட்டுவதும் கருவியைத் தூக்குவதும் அவன் வேலை. சிரிக்கப் பகிடி விடும்படி யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, தானாகச் செய்தான். “நிலத்துக்குக் கீழ கிடக்கிறதைப் பாக்க வந்தனாங்கள்.”

“அதைத்தானே நானும் சொல்லுறன். கீழ பாருங்கோ. மேல கை வைக்காதேங்கோ.”

கருவியை இயக்குகிற அமுதினி குந்தியிருந்து கொடி வேர்விட்ட மூட்டைத் தேடினாள். மேட்டின் ஓரத்தில் ஒரே ஒரு மூடுதான். மூன்று பேரும் சேர்ந்து, தூங்குகிற பிள்ளையைப் பாயோடு இழுப்பதுபோல, கொடி முழுவதையும் பிஞ்சுகளோடு மற்றப் பக்கம் இழுத்துவிட்டார்கள். கீழே துருப்பிடித்த தகரம். தகரத்துக்குக் கீழே இருட்டு.

கிணற்றடியில் ஒரு கதிரையில் இன்னொரு பெண் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் ரூபிகா. நாற்பத்துநாலு வயது. நான்கு வயதில் தாயோடு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், அங்கே முகாமில் வளர்ந்து, தையல் வேலை செய்து, தாய் இறந்த பிறகு தனியாகத் திரும்பி வந்திருந்தாள். மலர் வீடு கட்டியிருக்கிற இந்த வளவு தன் தாயுடையது என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த மனு வந்ததால்தான் இன்று கருவி வந்தது.

ஆனால் அவளுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டதும் மலர்தான். பால் விடாத பிளேன்ரியும், கடித்துக் குடிக்க இனிப்புப் பனங்கட்டித் துண்டும் கொடுத்ததும் அவள்தான்.

“காணி பறிக்க வந்தாலும் தேத்தண்ணி குடிக்கத்தானே வேணும்,” என்று மலர் சொன்னாள்.

“பறிக்க வரலைங்க அக்கா,” ரூபிகாவின் முகம் சிவந்தது. “அம்மா சாகும்வரைக்கும் ஒண்ணுதான் சொல்லிட்டிருந்தாங்க. நம்ம பங்கருக்கு நேர் கிழக்கால கிணறுன்னு. வந்து பார்த்தா இங்கதான் அப்படி இருக்கு.”

“அது ரெண்டு வீட்டுக்கும் பங்குக் கிணறு பிள்ளை. உங்கட காணி அங்கால,” மலர் மேற்கே கை காட்டினாள். அங்கே நாயுண்ணிப் பற்றையும் விடத்தல் முள்ளும் அடர்ந்து கிடந்தன. “அங்கயும் ஒரு பங்கர் இருக்கு. அதுக்கும் கிழக்காலதான் இந்தக் கிணறு.”

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்று அமுதினிக்குத் தோன்றியது. அதுதான் சிக்கல்.

யுத்தம் முடிந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. இந்த முதிரைவெளியில் காணி உறுதிப் பத்திரங்கள் எரிந்துபோயின. வேலி, வீடு, மாமரம் எல்லாவற்றையும் புல்டோசர் வழித்துக்கொண்டு போனது. நிலத்துக்குக் கீழே இருந்ததை மட்டும் அதனால் வழிக்க முடியவில்லை. குண்டு போடுகிற பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டால் ஓடி ஒளிய ஒவ்வொரு வளவிலும் ஒரு பங்கர் இருந்தது. அடுத்தவர் காணியில் யாரும் தன் பிள்ளைகளுக்குக் குழி வெட்டமாட்டார். ஆகவே யார் ஒளிந்த பங்கரோ அவர்களுடைய காணி என்று சட்டம் வந்தது. யார் ஒளிந்தார்கள் என்று சொல்ல ஒரு கருவியும் வந்தது. அதற்குக் கந்தோரில் நீளமான பெயர் உண்டு. யோகன் ‘மூக்கன்’ என்று கூப்பிடுவான்.

“இது எப்படிங்க கண்டுபிடிக்கும்?” என்று ரூபிகா கேட்டாள்.

“நீங்கள் ஒரு சுவரில கனநாள் சாய்ஞ்சு இருந்தா,” அமுதினி மெல்லிய குரலில் தொடங்கினாள், “தலை எண்ணெய், வேர்வை, தோல் எல்லாம் களிமண்ணுக்குள்ள ஊறும். அதில உங்கட அடையாளம் இருக்கும். வெய்யிலும் மழையும் படாத இடத்தில அது அழியாது. ஊசி அதை உறிஞ்சும். பிறகு உங்கட ரெண்டு பேரின்ர விரலையும் தொட்டுப் பாத்து, ஆருக்கு ஆர் சொந்தம் எண்டு சொல்லும்.”

“நாயின்ர மூக்கு, கிளாக்கரின்ர மூளை,” என்றான் யோகன். “இதுவரைக்கும் இருநூத்துப் பன்னிரண்டு பங்கர். ஒருக்காலும் பிழைச்சதில்லை.”

தலைக்கு மேலே கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு பார்சல் விமானம் வந்தது. ஆள் இல்லாத, சிறிய, வண்டுபோல இரைகிற சாமான். மருந்தோ சப்பாத்தோ யாருக்கோ கொண்டு போனது. அது கடந்து போகும்வரை மலர் வாயைத் திறந்தபடி நின்றாள்.

“என்னக்கா, காலமையே கொட்டாவி?”

மலர் சட்டென்று வாயை மூடினாள். “கொட்டாவி இல்லையடா தம்பி. குண்டு விழேக்க வாயைத் திறந்து வைச்சிருந்தாத்தான் காது வெடிக்காது. சின்னனில பழக்கினது. சத்தம் கேட்டா இப்பவும் தன்ர பாட்டில திறக்குது. என்ர பிள்ளையள் சிரிக்குங்கள்.”

அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்த வளவில்தான் தவழ்ந்தார்கள். இப்போது யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்கள். வீட்டுச் சுவரில் அவர்கள் உயரத்தைக் கரியால் கீறிய கோடுகள் இருந்தன. தீர்ப்பு எதிராக வந்தால் மூன்று மாதத்தில் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். மலர் காலையிலிருந்து முற்றத்தை மூன்று தரம் கூட்டிவிட்டாள்.

அமுதினி இறங்கினாள். மண்ணில் வெட்டிய எட்டுப் படி. பிறகு வலது பக்கம் ஒரு திருப்பம். குண்டுச் சிதறு நேரே உள்ளே பாயாமல் இருக்க எல்லாப் பங்கரையும் அப்படித்தான் வெட்டுவார்கள். மேலே பனங்குற்றிகள் கறுத்துப்போய் இன்னும் உறுதியாகக் கிடந்தன. உள்ளே குளிர்ந்தது. இந்தக் குளிரை அவளுக்குப் பிடிக்கும். அவள் சண்டைக்குப் பிறகு பிறந்தவள். வெளியே ஆட்கள் முன்னால் பேச நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு, பங்கருக்குள் மட்டும் யாரோ இடம் ஒதுக்கி வைத்திருப்பதுபோல இருக்கும்.

ஒவ்வொரு பங்கரிலும் ஏதாவது கிடைக்கும். தாயக் கட்டம் கீறிய தரை. ஒற்றைச் செருப்பு. கணக்குக் கொப்பி. ஒன்றில், சுவரைக் குடைந்து செய்த சின்ன அறையில் ஒரு பொம்மைக்குத் தனிப் பங்கர் இருந்தது. இங்கே விளக்கு வைக்கிற மாடத்தில் புகைக்கரியும், பல் போன ஒரு சீப்பும்.

சுவரில் முதுகுகள் சாய்ந்து மினுங்கிய பள்ளம் மூன்று தெரிந்தது. ஒன்று பெரியது. இரண்டு சின்னது. மூன்றிலும் ஊசியை வைத்துவிட்டு அவள் மேலே வந்தாள். மலரும் ரூபிகாவும் தட்டில் விரலை வைத்தார்கள்.

திரையில் மூன்று வட்டங்கள் வந்தன. அமுதினி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சொல்லுங்கோ பிள்ளை,” என்றாள் மலர்.

“பெரிய ஆள் ஒருத்தர். பொம்பிளை. அவ…” அமுதினி ரூபிகாவைப் பார்த்தாள். “உங்கட அம்மா. பக்கத்தில ஒரு பொடியன். உங்கட கூடப்பிறந்தவர்.”

“சேந்தண்ணா.” ரூபிகா எழுந்தே விட்டாள்.

மலர் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தாள்.

“நான்தான் காட்டினனான்,” என்றாள். “ஆரையும் குத்தம் சொல்ல ஏலாது. எங்கட வீட்டில நான் ஒருத்திதான் மிச்சம். பத்து வயசில மாமா கூட்டிக்கொண்டு வந்தவர். அவர் இந்த ஊரை முன்னம் கண்டதில்லை. ஒரு மரம் இல்லை, ஒரு வேலி இல்லை, பாலைவனம் மாதிரிக் கிடந்தது. ‘எதடி உங்கட வளவு?’ எண்டு கேட்டார். நான் ரெண்டு பங்கருக்குள்ளயும் இறங்கிப் பாத்தன். இதுக்குள்ள இறங்கினதும் தெரிஞ்சுது. இந்தத் திருப்பம், இந்த மாடம், நான் சாயிற இடம். ‘இதுதான் மாமா’ எண்டு சொன்னன். அது பிழையே?”

“இன்னும் முடியேல்லை அக்கா,” என்றாள் அமுதினி. “மூண்டாவது ஆள் நீங்கள்.”

யோகன் எட்டித் திரையைப் பார்த்தான். “மலரக்கா இருக்கிறா, அவவின்ர தாய் தேப்பன் இல்லை. ரூபிகாவின்ர தாய் இருக்கிறா, ரூபிகா இல்லை. மூக்கனுக்குத் தடிமன் பிடிச்சிட்டுது போல.”

வட்டத்துக்குக் கீழே கருவி வழக்கமான கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றது. *குடும்பத்துக்கு உறவில்லாத ஒரு சிறுவர். வழிப்போக்கர் எனக் கருதி நீக்கவா? ஆம் / இல்லை.*

அமுதினி எப்போதும் ‘ஆம்’ என்றுதான் அமத்துவாள். அதுதான் ஒழுங்கு. பொம்பர் வரும்போது றோட்டில் போகிறவர்கள் அருகில் உள்ள பங்கருக்குள் பாய்வது வழக்கம் என்பதால், உறவில்லாத அடையாளங்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று கந்தோரில் பழக்கியிருந்தார்கள். ஆனால் இந்த முறை, தொட்ட விரலின் சொந்தக்காரி முன்னால் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளை எப்படி நீக்குவது?

விரல் நின்ற இடத்தில் நிற்க, அவள் வட்டத்தைத் திறந்து ஆழத்தைப் பார்த்தாள். இதுவரை வழிப்போக்கர் ஒருவருக்கும் ஆழம் பார்த்ததில்லை.

“ஒரு நாள் வந்து ஒளிச்ச பிள்ளையின்ர அடையாளம் இவ்வளவு ஊறாது,” என்றாள் மெதுவாக. “இது பத்து, பதினொரு மாசம். இவவின்ர அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரே ஆழம் கிடக்கு.”

“ஏன், இவவின்ர அம்மா தவமணி அன்ரி எங்களோடதானே இருந்தவ,” என்றாள் மலர். “அவ எங்கட பங்கருக்கு வருவா. சேந்தனைக் கூட்டிக்கொண்டு வருவா. குண்டு விழேக்க என்ர தலையைத் தன்ர மடிக்குள்ள அமத்திப் பிடிப்பா.”

“அப்ப உங்கட அம்மா எங்க இருந்தவ?”

மலர் மேற்கே பற்றையைப் பார்த்தாள். ஏழு வயதில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை.

மற்றப் பங்கருக்குப் போக யோகன் பற்றையை வெட்டி வழி எடுத்தான். வெய்யில் ஏறிவிட்டது. கீறிய முள்ளுக்கெல்லாம் அவன் ஒவ்வொரு பெயர் வைத்து ஏசிக்கொண்டு போனான். மலர் வீட்டுக்குள் போய், அதை விட்டு வர மனமில்லாதவள்போலத் தாமதித்து, ஒரு தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் வந்தாள். ரூபிகா அவளுக்குப் பின்னால்.

அதே எட்டுப் படி, அதே வலப்பக்கத் திருப்பம், அதே மாடம்.

“ஒரே ஆள் வெட்டியிருக்கிறார்,” என்று மேலே எட்டிப் பார்த்துச் சொன்னான் யோகன்.

“அப்பாதான் ரெண்டும் வெட்டினவர். தவமணி அன்ரிக்கு மனுசன் இல்லை,” என்றாள் மலர். “அது எனக்கு நல்ல ஞாபகம். கை கொப்பளிச்சுப் போய்ச் சோத்தைக் கரண்டியால சாப்பிட்டவர்.”

இங்கே நாலு பள்ளம் இருந்தது. அமுதினி ஊசிகளை வைத்துவிட்டு, மேலே போகாமல் உள்ளேயே குந்தியிருந்து பார்த்தாள். வட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மலரின் தகப்பன். மலரின் தம்பி. மலரின் தாய். நாலாவது பள்ளம் தாயின் பள்ளத்துக்கு ஒட்டினாற்போல, மிகச் சிறியது.

*குடும்பத்துக்கு உறவில்லாத ஒரு சிறுவர். வழிப்போக்கர் எனக் கருதி நீக்கவா?*

“ரூபிகா அக்கா,” என்று கூப்பிட்டாள். அவள் குரல் திருப்பத்தில் மோதி வெளியே போனது. “கீழ வாங்கோ. உங்கட இடம் இஞ்ச கிடக்கு.”

மூன்று பெண்கள் அந்தக் குழிக்குள் முழங்கால் மடக்கி இருந்தார்கள். யோகன் படியில் உட்கார்ந்து, காது மட்டும் உள்ளே இருக்கத் தலையைச் சரித்துக்கொண்டான்.

“எனக்கு விளங்கேல்லை,” என்றான். “அவையின்ர பிள்ளை இஞ்ச. இவையின்ர பிள்ளை அங்க. ரெண்டு குடும்பமும் பிள்ளை மாத்தி விளையாடினவையே?”

மலர் தாயின் பள்ளத்தில் கையை வைத்திருந்தாள். சுவர் இன்னும் வழுவழுப்பாக இருந்தது.

“விளையாட்டு இல்லை,” என்றாள். “ஒரு குண்டு நேர விழுந்தா ஒரு பங்கர் முழுக்கப் போயிடும். அப்பிடி ஒரு வீட்டில அஞ்சு பேரும் செத்துப் போட்டினம். விளக்கு வைக்கவும் ஆளில்லை எண்டு அம்மா அழுதவ. அதுக்குப் பிறகுதான்… ஓம். அதுக்குப் பிறகுதான் தவமணி அன்ரி என்னைக் கைப்பிடிச்சு ஓடத் தொடங்கினவ. அம்மா என்னை அங்க குடுத்திட்டு, உன்னை இஞ்ச வாங்கியிருக்கிறா. எது விழுந்தாலும் வீட்டுக்கு ஒண்டு மிஞ்சட்டும் எண்டு.”

பங்கரில் யாரும் சாகவில்லை. பிறகு கடற்கரைக்குப் போன வழியில்தான் சேந்தனும், மலரின் தகப்பனும் தாயும் தம்பியும் இறந்துபோனார்கள். நாலு பிள்ளைகளில் இரண்டு மிச்சம். வீட்டுக்கு ஒன்று.

ரூபிகா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரே ஒரு ஞாபகம்தான் இருக்கு இந்த ஊர்ல,” என்றாள். “இருட்டு. ஒருத்தங்க மடி. ‘ஆ காட்டு, ஆ காட்டு’ன்னு சொல்லி வாயில பனங்கட்டி வைப்பாங்க. கடிக்கக் கூடாது, வாயைத் திறந்தே வச்சுக்கணும். அது கரையுறதுக்குள்ள சத்தம் நின்னுடும். அம்மாகிட்ட எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். ‘அது நான் இல்லைடி’ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாங்க. எனக்குக் கோவமா வரும், ஏன் இல்லைன்னு சொல்றாங்கன்னு.”

மலர் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. ஆனால் அது சிரிப்புத்தான். “எங்கட அம்மா! சீலைத் தலைப்பில எப்பவும் பனங்கட்டி முடிஞ்சு வைச்சிருப்பா. பகலில எனக்கும் தம்பிக்கும் ஒரு துண்டு தரமாட்டா. ‘அது பங்கருக்கு’ எண்டுவா. எங்க போகுது எண்டு இப்பத்தான் தெரியுது. எல்லாம் உன்ர வாய்க்கையடி போயிருக்கு!”

அமுதினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கருவியை மடியில் வைத்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பங்கர். அவற்றில் எத்தனையில் உறவில்லாத ஒரு பிள்ளை இருந்தது? பாதிக்கு மேல் இருக்கும். எல்லாவற்றுக்கும் அவள் ‘ஆம்’ என்று அமத்தியிருந்தாள். கருவி செய்தவர்களுக்குக் குடும்பம் என்றால் ஒரு கூரை, ஒரு இரத்தம். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துக் காப்பாற்றுகிறவர்களை அவர்கள் யோசித்திருக்க முடியாது. ஆனால் தான் யோசித்திருக்கலாம். ஆழத்தை ஒரு தரம் பார்த்திருக்கலாம்.

“நான் ஒண்டு சொல்ல வேணும்,” என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் சொன்னாள். “சட்டத்தில முதல் உரிமை, கேக்கிற ஆள் தானே இருந்த பங்கருக்கு. அது இல்லாட்டித்தான் தாய் தேப்பன் இருந்த பங்கர். நான் ‘ஆம்’ எண்டு அமத்தினா நீங்கள் ரெண்டு பேரும் வழிப்போக்கர். ரெண்டு பேரின்ர இடமும் கணக்கில வராது. தாய்மார் இருந்த கணக்கில வீடும் கிணத்தடியும் ரூபிகா அக்காவுக்கு, இந்தப் பத்தைக் காணி மலரக்காவுக்கு. ‘இல்லை’ எண்டு அமத்தினா நீங்களும் வீட்டாக்கள். அப்ப மலரக்காவுக்கு வீடு. உங்களுக்கு இது.”

“வழக்கமா எதை அமத்துவீங்க?”

“‘ஆம்’.”

ரூபிகா மேலே பார்த்தாள். பனங்குற்றிகளுக்கு நடுவே ஒரு வேர் தொங்கியது. இந்தக் காணியில் வெட்டித் திருத்த ஒரு வருடமாவது எடுக்கும். தையல் மெஷினை வைக்க ஒரு கொட்டில்கூட இல்லை. அங்கே ஒரு வீடு, முற்றம், காய்க்கிற முருங்கை. அமுதினிக்கு அந்தக் கணக்கெல்லாம் அவள் முகத்தில் ஓடுவது தெரிந்தது. மலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டைத் தா என்று கேட்டுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“பதினொரு மாசம் எங்க அம்மா மடியில தலை வச்சுப் படுத்தவங்க,” என்றாள் ரூபிகா, “எப்படிங்க வழிப்போக்கர் ஆவாங்க? ‘இல்லை’ன்னு அமுக்குங்க.”

“பிள்ளை, யோசிச்சுச் சொல்லு,” என்றாள் மலர்.

“யோசிச்சுத்தான் சொல்றேன் அக்கா. நீங்க எங்க அம்மா இடத்தில இருந்துக்குங்க. நான் உங்க அம்மா இடத்தில இருந்துக்கறேன். அவங்க போட்ட ஏற்பாடுதானே.” பிறகு கொஞ்சம் தயங்கி, “தண்ணிதான் இங்க இல்லை,” என்றாள்.

“அது எப்பவும் பங்குக் கிணறடி! ஒரு நூறு தரம் சொல்லிட்டன். கொட்டில் போடும்வரைக்கும் என்ர பெரியவளின்ர அறை சும்மாதான் கிடக்கு. உன்ர மிசினையும் கொண்டு வா. ஆனா இந்தச் ‘சொல்றேன், இருக்கேன்’ எல்லாம் விட வேணும். ‘சொல்லுறன்’. எங்க, சொல்லு.”

“சொல்லுறேன்.”

“நாசம்,” என்றாள் மலர் திருப்தியாக.

அமுதினி ‘இல்லை’யை அமத்தினாள். கருவிக்கு அது பழக்கமில்லை. கொஞ்ச நேரம் திரை நின்றது. பிறகு, அவள் வேலை பார்த்த ஆறு வருடத்தில் ஒரு தரமும் கேட்காத கேள்வியைக் கேட்டது: *உறவு?* கீழே மூன்று பதில்கள்: விருந்தாளி, உறவினர், வீட்டார். இரண்டு பங்கருக்கும் ‘வீட்டார்’ என்று போட்டாள்.

மத்தியானம் சோறு கொடுக்காமல் மலர் அவர்களை விடவில்லை. யோகன் பூசணிக்கொடியைத் திரும்பவும் மேட்டின்மேல் இழுத்துவிட்டு, இரண்டு பிஞ்சும் பத்திரம் என்று சத்தியம் செய்து காட்ட வேண்டியிருந்தது.

வாகனம் கண்டி றோட்டுக்கு ஏறுமுன்பே அமுதினி கருவியில், தான் வேலைக்கு வந்து பார்த்த முதலாவது பங்கரின் பக்கத்தைத் திறந்திருந்தாள். நீக்கியது அழிந்துபோகவில்லை, மறைந்துதான் இருந்தது. ஒரு பொடியன், ஐந்து வயது. ஆழம், எட்டு மாதம்.

“திரும்பவும் முதலில இருந்தோ?” யோகன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். “இருநூத்துப் பன்னிரண்டும்?”

“ஓம்.”

“கந்தோரில கத்துவினம்.”

“கத்தட்டும்.”

அவன் சந்தியில் வாகனத்தை நிறுத்தி, கண்ணாடியைக் கீழே இறக்கினான். “அங்க பாருங்கோ உங்கட ரெண்டு பேரையும்.”

வயலுக்கு அப்பால் வளவு தெரிந்தது. கிணற்றடியில் மலர் வாளியை இழுத்துக்கொண்டிருந்தாள். ரூபிகா குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னேரப் பார்சல் விமானம் இரைந்துகொண்டு அவர்களுக்கு மேலால் போனது. இரண்டு பேரும் வேலையை நிறுத்தவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

இரண்டு பேருடைய வாயும் திறந்திருந்தது.